‘என் கணக்கில் வையும்’ என்று எழுதுவதற்கு முன்

வாசகர் கடிதம் (சுருக்கம்): நான் பள்ளிபாளையம் பக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், எங்கள் குருசேகரக் கமிட்டியின் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளை நிர்வகிக்கும் குழுவின்) செயலாளர். மூன்று வாரங்களுக்கு முன், ஒரு தறி ஓட்டும் தொழிலாளி தம் மனைவியோடும் 13 வயது மகளோடும் இரவு நேரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்தப் பெண் என் மனைவி நடத்தும் ஞாயிறு பள்ளிக்கு வருகிறவள். ஆறு ஆண்டுகளுக்கு முன் தாயாரின் வைத்தியத்துக்காக 65,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். வாரம் 300 ரூபாய் பிடித்தம். நடுவில் தீபாவளிக்கும் காய்ச்சலுக்கும் வாங்கியதைச் சேர்த்து இன்னும் 1,12,000 ரூபாய் பாக்கி என்கிறார் பட்டறை முதலாளி. கணக்கு நோட்டும் ரேஷன் கார்டும் அவரிடம் இருக்கின்றன. வேறு பட்டறைக்குப் போகக் கேட்டபோது, பாக்கியை வைத்துவிட்டுப் போ என்று அடித்திருக்கிறார்கள். அந்த முதலாளி எங்கள் சபையின் அங்கத்தினர். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது அதிகம் கேட்பவர் அவர்தான். ஆயர், வாங்கிய கடனைக் கொடுக்காதவன் துன்மார்க்கன் என்ற வசனத்தைக் காட்டி, குடும்பத்தைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார். சபையாருக்குள் தீர்க்க வேண்டியதை வெளியே கொண்டுபோகக் கூடாது, மனித உரிமை என்பதெல்லாம் உலகப்பிரகாரமான பேச்சு என்கிறார். எஜமானிடமிருந்து ஓடிவந்த அடிமை ஒநேசிமுவின் கடனை அப்போஸ்தலர் பவுல் தம் கணக்கில் வைக்கச் சொன்னதுபோல், என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து அந்தப் பாக்கியைக் கட்டி இவர்களை மீட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும் உடனே பதில் வேண்டுவது கடைசிக் கேள்விதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த 1,12,000 ரூபாயை நீங்கள் கட்டக் கூடாது. முழுவதையும் கட்டக் கூடாது. பேசிக் குறைத்தும் கட்டக் கூடாது. சபையாரிடம் வசூல் செய்தும் கட்டக் கூடாது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் இவ்வளவு பெரிய தொகையை எடுத்துக் கொடுக்க முன்வருவது எவ்வளவு அரிது என்பதை அறிந்துதான் இதைச் சொல்கிறேன். அந்தப் பணம் செலவாகட்டும். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆறு ஆண்டுகளில் 312 வாரங்கள். வாரம் 300 ரூபாய் வீதம் பிடித்தது 93,600 ரூபாய். முதலில் வாங்கிய முன்பணத்தைவிட இது 28,600 ரூபாய் அதிகம். நடுவில் வாங்கியதாகச் சொல்லப்படும் தொகைகளுக்கு ரசீது கிடையாது; எழுதியவரும் முதலாளி, நோட்டை வைத்திருப்பவரும் முதலாளி. உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு செய்தியைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுவே எல்லாவற்றிலும் முக்கியமாகப் பட்டது. அதே பட்டறையில் அட்வான்ஸ் வாங்காமல் வரும் ஆட்களுக்கு ஷிப்டுக்குக் கிடைக்கும் கூலியைவிட இவருக்குக் குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வித்தியாசத்தை 312 வாரங்களுக்குப் பெருக்கிப் பார்த்தால் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதே மாறிவிடும்.

சட்டம் இதைப் பற்றிச் சொல்வது மிகத் தெளிவானது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் நிறைவேறினாலும், அதற்கு முந்தைய அவசரச் சட்டம் வந்த 1975 அக்டோபர் 25 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. (நாட்டு மக்களின் மற்ற உரிமைகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்த நெருக்கடிநிலைக் காலத்தில் இந்த ஓர் உரிமை பிறந்தது என்பது நம் அரசியலின் விசித்திரங்களில் ஒன்று.) முன்பணத்துக்கு ஈடாக ஒருவர் பெயரளவுக் கூலிக்கு உழைக்க வேண்டியிருந்தாலும், வேறு இடத்தில் வேலை தேடும் சுதந்திரத்தை இழந்தாலும், விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையை இழந்தாலும், தம் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்க முடியாமல் போனாலும் அது கொத்தடிமை முறை. நான்கும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஒன்று போதும். சங்கிலியும் பூட்டிய கதவும் இருந்தால்தான் கொத்தடிமை என்று நம்மவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதால்தான் கண்ணெதிரே நடப்பது கண்ணில் படாமல் போகிறது. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகக் கொடுத்து வேலை வாங்குவதே அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கு ஒரு நீதிபதிக்கு எழுதப்பட்ட கடிதத்திலிருந்து தொடங்கியது என்பதைக் கடிதம் எழுதியிருக்கும் உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது.

அட்வான்ஸ் கொடுத்து ஆள் வைக்கும் எல்லாப் பட்டறைக்காரர்களும் குற்றவாளிகள் என்று நான் சொல்லவில்லை. முன்பணம் வாங்கியவர் நியாயமான கூலியும் பெற்று, போக நினைத்தால் போகவும் முடிந்தால் அது வெறும் கடன்தான். உங்கள் வீட்டில் இருப்பவர்களின் நிலை அப்படிப்பட்டதன்று. கூலி குறைவு, போகக் கேட்டதற்கு அடி, ரேஷன் கார்டு பறிமுதல் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கின்றன. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமையும் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவர் மேலேயே விழுகிறது. 6ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட கடன் அடியோடு அற்றுப்போனது. அதை வசூலிக்க வழக்கும் தொடுக்க முடியாது. 9ஆம் பிரிவை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அற்றுப்போன கடனுக்காக எந்தத் தொகையையும் கடன் கொடுத்தவர் பெற்றுக்கொள்ளக் கூடாது. பெற்றுக்கொண்டால் மூன்றாண்டு வரை சிறை. ஆகவே நீங்கள் இரக்கத்தோடு பணத்தை நீட்டினால், உங்கள் சபை நண்பரை இன்னொரு குற்றத்துக்குள் நீங்களே இழுத்துவிட்டவர் ஆவீர்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. ஈரோட்டில் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு பட்டறையிலிருந்து வந்த குடும்பத்துக்காக, எங்கள் ஆலயத்துப் பெண்கள் ஐக்கியத்தில் 18,000 ரூபாய் திரட்டி முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அவர் எண்ணி வாங்கிக்கொண்டு, புரோநோட்டைக் கிழித்துப் போட்டு, காபியும் கொடுத்து அனுப்பினார். நல்ல காரியம் செய்துவிட்டதாக மனம் நிறைந்திருந்தேன். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, அதே லைன் வீட்டில் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த வேறொரு குடும்பம் இருந்தது. எவ்வளவு அட்வான்ஸ் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். பதினெட்டாயிரம் என்றாள். எங்கள் காணிக்கைப் பணம் அடுத்த குடும்பத்தை வாங்கப் பயன்பட்டிருந்தது.

தறித்தொழில் நடக்கும் ஊர்களில் இருப்பவர்களுக்கு இது புதிராக இருக்காது. ஒரு பட்டறையின் ஆளை இன்னொரு பட்டறைக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டுமானால், பழைய பாக்கியைக் கட்டிவிட்டு அந்தப் பாக்கியோடு ஆளையும் தம் நோட்டுக்கு மாற்றிக்கொள்வார். நீங்கள் பாக்கியைக் கட்டும்போது முதலாளியின் கணக்கில் நீங்களும் அப்படிப்பட்ட ஒரு பட்டறைக்காரர்தான். உங்களிடம் தறி இல்லை என்பது மட்டுமே வித்தியாசம். மனிதருக்கு விலை உண்டு, அந்த விலையைக் கொடுத்தவரிடம் அவர் போவார் என்ற ஏற்பாட்டின் அடியில் நீங்களும் கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள்.

இப்போது ஒநேசிமுவின் எஜமானான பிலேமோனுக்குப் பவுல் எழுதிய நிருபத்துக்கு (கடிதத்துக்கு) வருகிறேன். நீங்கள் அதை மேற்கோள் காட்டியிருக்கும் விதம் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. ஒநேசிமு உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்று பவுல் எழுதியது உண்மை. ஆனால் எந்த இடத்திலிருந்து எழுதினார்? சிறையிலிருந்து எழுதினார். அவர் காலத்து ரோமச் சட்டம் முழுவதும் பிலேமோனின் பக்கம் நின்றது. ஓடிவந்த அடிமைக்காக முறையிட ஒரு நீதிமன்றமும் இல்லை. தம் கையில் இருந்த ஒரே கருவியான உறவை வைத்து, இனி அவனை அடிமையாக இல்லாமல் பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும் என்று கேட்க மட்டுமே அவரால் முடிந்தது. கேட்ட கையோடு, நீர் உம்மையே எனக்குக் கடனாகச் செலுத்த வேண்டியவர் என்றும் நினைவூட்டிவிடுகிறார். அந்த வரியில் உள்ள மெல்லிய குத்தலைப் பிரசங்கங்களில் யாரும் சொல்வதில்லை. நம் நாட்டில் 1975 முதல் சட்டம் ஒநேசிமுவின் பக்கம் நிற்கிறது. பவுலுக்குக் கிடைக்காத வாய்ப்பு கையில் இருக்கும்போது, அது இல்லாத காலத்தில் அவர் செய்ததைப் படியெடுப்பது பவுலைப் பின்பற்றுவது ஆகாது. ஓடிவந்த அடிமையை எஜமானிடம் ஒப்படைக்கக் கூடாது, அவன் விரும்பிய ஊரில் உன்னோடு இருக்கட்டும் என்று உபாகமம் 23ஆம் அதிகாரம் நேரடியாகவே சொல்வதையும் ஆயர் அவர்களிடம் பணிவோடு எடுத்துக்காட்டுங்கள்.

விலை கொடுத்து மீட்பது கிறிஸ்தவருக்கு மிக நெருக்கமான சொல் என்பதால்தான் உங்கள் மனம் அந்தப் பக்கம் போகிறது என்று நினைக்கிறேன். ஆனால் வேதத்தின் முதல் பெரிய மீட்பை நினைத்துப் பாருங்கள். மோசே பார்வோனுக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. செங்கல் அறுத்த ஜனங்கள் எகிப்தியரிடம் வெள்ளியும் பொன்னும் வஸ்திரங்களும் பெற்றுக்கொண்டே புறப்பட்டார்கள் என்று யாத்திராகமம் 12 சொல்கிறது. அந்த நினைவு பிற்பாடு சட்டமாகவே ஆகிறது: ஆறு ஆண்டு உழைத்தவனை ஏழாம் ஆண்டில் விடுதலை செய்யும்போது வெறுங்கையாய் அனுப்பாதே, மந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து தாராளமாகக் கொடுத்தனுப்பு, நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்கிறது உபாகமம் 15. உங்கள் வீட்டில் இருப்பவரும் ஆறு ஆண்டு உழைத்திருக்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? அதே புத்தகத்தின் 24ஆம் அதிகாரம், மாவரைக்கும் எந்திரக்கல்லை அடகு வாங்காதே, அது அவனுடைய ஜீவனையே அடகு வாங்குவது என்கிறது. அரிசி வாங்கும் கார்டைப் பிடித்து வைத்திருப்பவரைப் பற்றி அந்த அதிகாரம் என்ன சொல்லியிருக்கும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எஜமானுக்கு ஈடு கொடுத்து அடிமையை விடுவிப்பது வரலாற்றில் பெரிய அளவில் நடந்தும் இருக்கிறது. பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது 2 கோடி பவுன் ஒதுக்கியது. அது முழுவதும் எஜமான்களுக்குப் போனது. அடிமைகளுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அவர்கள் ‘பயிற்சித் தொழிலாளர்’ என்ற பெயரில் 1838 வரை அதே தோட்டங்களில் உழைக்க வேண்டியிருந்தது. ஈட்டுத்தொகை பெற்றவர்களில், பார்படோஸ் தீவில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்திய சுவிசேஷம் பரப்பும் சங்கமும் ஒன்று; நம் தெற்கத்தி மாவட்டங்களில் எஸ்.பி.ஜி. மிஷன் என்று ஆலயமும் பள்ளியும் கட்டிய அதே சங்கம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1830இல் மிஷனரி ஆடிஸ் ஐயரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியதும், பிறகு ஈரோட்டில் பிரப் ரோட்டுக்குப் பெயர் தந்த பிரப் ஐயரை அனுப்பியதும் லண்டன் மிஷன். அந்த மிஷனின் ஜான் ஸ்மித் என்ற ஊழியர், தென் அமெரிக்காவின் டெமராரா குடியேற்றத்தில் 1823இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களைத் தூண்டிவிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, மரணதண்டனை விதிக்கப்பட்டு, 1824இல் சிறையிலேயே இறந்தார். தோட்ட முதலாளிகளும் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போனவர்கள்தான். கீழ்ப்படிதலைப் பற்றிய வசனங்கள் அவர்களுக்கும் மனப்பாடமாகத் தெரியும். கொங்கு நாட்டுச் சபைகளின் பூர்வீகத்தில் சிறையில் இறந்த அந்த ஊழியருக்கும் ஓர் இடம் உண்டு என்பதை நம் ஆண்டுவிழா மலர்களில் நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆயர் காட்டிய வசனம் 37ஆம் சங்கீதத்தின் 21ஆம் வசனம். அதன் இரண்டாம் பாதி, நீதிமானோ இரங்கிக் கொடுக்கிறான் என்பது. அந்தச் சங்கீதம் முழுவதும் சிறுமையானவர்களையும் எளியவர்களையும் வீழ்த்த வில்லை நாணேற்றுகிறவர்களைப் பற்றியது. முதற்பாதியைத் தொழிலாளிக்கும் மறுபாதியை ஒருவருக்கும் இல்லாமலும் பங்கிட்டுக் கொடுப்பது சரியான வாசிப்பு ஆகாது. பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதிய ஐந்தாம் அதிகாரத்தை அதோடு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

சபைக்குள் தீர்க்க வேண்டியதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதற்கு அவர் 1 கொரிந்தியர் 6ஐ மனத்தில் வைத்திருக்கலாம். அது இரண்டு சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் தொடுக்கும் சொந்த வழக்குகளைப் பற்றியது. ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாது என்று பவுல் கேட்பதை ஒருவர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளலாம். அடிபட்டவரைப் பார்த்து, அடித்தவருடைய நண்பர்கள் கேட்கக் கூடாது. அடுத்த வசனத்திலேயே, நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், சகோதரருக்கே நஷ்டம் செய்கிறீர்கள் என்று பவுல் திரும்புகிறார். தவிரவும் இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம். மாவட்ட ஆட்சியரின் நேரடிப் பொறுப்பில் உள்ளது. அதிகாரிகள் தீமை செய்கிறவனைத் தண்டிக்கத் தேவனால் ஏற்படுத்தப்பட்டவர்கள் என்ற ரோமர் 13ஐ நம் ஆயர்கள் அடிக்கடி எடுக்கிறார்கள். அந்த அதிகாரிகளில் நாமக்கல் ஆட்சியரும் அடக்கம்.

மனித உரிமை உலகப்பிரகாரமான பேச்சு என்பதற்கு நான் நீண்ட பதில் எழுதப்போவதில்லை. பிலிப்பி பட்டணத்தில் அடித்துச் சிறையில் போட்டவர்கள் இரகசியமாக விட்டுவிடப் பார்த்தபோது, ரோமரான எங்களை விசாரியாமல் அடித்தீர்களே, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று சொன்னவர் பவுல். பின்னால் இராயனுக்கு அபயமிட்டவரும், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தவரும் அவர்தான். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்தவர்களில் லெபனானைச் சேர்ந்த சார்ல்ஸ் மாலிக் என்ற கிறிஸ்தவச் சிந்தனையாளர் முக்கியமானவர், சீனத்துப் பி.சி. சாங்கும் நம் ஹன்சா மேத்தாவும் அதே குழுவில் உழைத்தார்கள். எவரையும் அடிமைத்தனத்தில் வைக்கக் கூடாது என்ற அதன் நான்காம் பிரிவில், ஒரு கிறிஸ்தவர் மறுக்க வேண்டியது என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். எதற்கும் முன்பாக அந்தக் கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, அவர்கள் என்ன விரும்புகிறார்கள் என்று கேளுங்கள். புகார் கொடுப்பதா, கொடுப்பதானால் எப்போது, எந்த ஊரில் இனி இருப்பது என்பவற்றை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். ஆறு ஆண்டுகள் இன்னொருவருடைய முடிவுக்குக் கட்டுப்பட்டிருந்தவர்களை, நல்லெண்ணத்தின் பெயரால் நம் முடிவுக்குக் கட்டுப்படுத்துவது எளிதில் நேர்ந்துவிடும் தவறு. உங்களைப் போன்ற ஆசிரியர்களும் என்னைப் போன்ற வக்கீல்களும் அதை அதிகம் செய்கிறோம்.

அவர்கள் சம்மதித்தால், திருச்செங்கோடு கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ மனு எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. மனுவில் வேத வசனமும் வேண்டாம், அடைமொழிகளும் வேண்டாம். எந்த மாதம் எவ்வளவு வாங்கினார், யார் முன்னிலையில் வாங்கினார், எத்தனை தறி ஓட்டினார், எத்தனை மணி நேரம், வாரக் கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, எந்தத் தேதியில் யார் அடித்தார், எந்த ஆவணங்கள் முதலாளியிடம் இருக்கின்றன, வெற்றுத் தாளிலோ முத்திரைத்தாளிலோ கையெழுத்தோ ரேகையோ வாங்கப்பட்டதா என்பவை போதும். 13 வயதுப் பெண் பள்ளி விட்டு வந்து தார் (தறிக்கான ஊடை நூல்) சுற்றியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது தனிக் குற்றம். அதற்குப் பெற்றோரைத் தண்டித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் வாய் திறப்பதில்லை. அந்தப் பயத்தை நீங்கள் முன்னதாகவே பேசித் தெளிவுபடுத்தி வைக்க வேண்டும்.

விசாரணையின்போது ஒன்றில் உறுதியாக இருங்கள். வாக்குமூலம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, முதலாளி இல்லாத இடத்தில் பதியப்பட வேண்டும். இதைக் கூலித் தகராறு என்று சுருக்கி, இரு தரப்பையும் நேருக்கு நேர் உட்காரவைத்துச் சமாதானம் பேசி முடித்துவிடும் வழக்கம் அலுவலகங்களில் உண்டு. அந்தச் சமாதானத்தின் முடிவில் தொழிலாளி கையில் விடுதலைச் சான்றிதழ் இருக்காது. சான்றிதழ் இல்லாமல் மறுவாழ்வு உதவி எதுவும் கிடைக்காது. மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லிக் கேளுங்கள். முதலாளி காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கக்கூடும். அழைப்பு வந்தால் தொழிலாளியைத் தனியே அனுப்பாமல் உடன் செல்லுங்கள். அங்கே பாக்கித் தொகைக்கு எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்கும்; 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

கடிதத்தில் அந்தக் குடும்பம் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தது என்றும், இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை என்றும், ஆயர் அதை உடனே கொடுத்துவிடலாம் என்று பேசியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தோட்டங்காடுகளில் பண்ணயத்தாளாகப் பரம்பரை பரம்பரையாகக் கட்டுண்டிருந்தவர்களின் பிள்ளைகள் அங்கிருந்து நகர்ந்து தறிக்கு வந்தபோதும், முன்பணம் என்ற கயிறு கூடவே வந்துவிட்டது என்பது இந்த வட்டாரத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். பட்டியல் சாதியினரைக் கட்டாய உழைப்பில் வைப்பது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்; ஆகவே மனுவில் சாதியைக் குறிப்பிட வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறிஸ்தவரான தலித்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இது அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் சான்றிதழைக் கருதி ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடு என்றோ விரைவுபடுத்து என்றோ சொல்ல எனக்கு உரிமையில்லை, ஆயருக்கும் இல்லை. உங்கள் கூரையின் கீழ் அடைக்கலமாக இருப்பவர்களிடம் இப்போது அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். எங்கும் போக முடியாதவர்கள் சொல்லும் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

முதலாளியிடம் நீங்கள் பேசத்தான் வேண்டும், அதுவும் மனு கொடுத்த பிறகு. அவர் கொடியவர் என்ற முடிவோடு போகாதீர்கள். நூல் விலை ஏறும்போதும் துணிக்கு ஆர்டர் நிற்கும்போதும் தூக்கமில்லாமல் கிடப்பவர்கள் இந்தச் சிறு பட்டறைக்காரர்கள். அட்வான்ஸ் இல்லாவிட்டால் ஆள் வராது என்று அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு மருந்து கூடுதல் கூலி. ஆளைக் கட்டிவைப்பது மருந்தாகாது. நெகேமியா 5ஆம் அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். பிள்ளைகளை அடமானம் வைத்த ஏழைகளின் கூக்குரலைக் கேட்டு நெகேமியா கோபப்பட்டது அந்நியர்மேல் இல்லை, சொந்தச் சபையின் பெரியவர்கள்மேல். அவர்கள் வயலையும் வட்டியையும் திருப்பிக் கொடுத்தார்கள். இயேசுவைச் சந்தித்த வரி வசூல்காரனான சகேயுவும் ஏழைகளுக்குக் கொடுப்பதோடு நிறுத்தாமல், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான். அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு ஏலம் கேட்பது காணிக்கை. ஆறு ஆண்டுக் கூலி பாக்கியைக் கொடுப்பது வேறு. அதைக் கொடுக்கும் வரை இதைப் பெற்றுக்கொள்வதில்லை என்று கமிட்டியில் தீர்மானம் கொண்டுவரும் துணிவு உங்களுக்கு இருந்தால், அதன் வாசகத்தை எழுதித் தர நான் தயார். அதற்கு முந்தின நாள், நம் ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் பணியாளருக்கு மாதம் என்ன கொடுக்கிறோம் என்ற வவுச்சரையும் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாராவது கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

உங்கள் சேமிப்பை எங்கே செலவிடுவது என்பதைச் சொல்வதாக ஆரம்பத்தில் கூறினேன். முதலாளியிடமிருந்து தப்பி வந்த குடும்பங்களைத் திரும்பவும் அட்வான்ஸ் வாங்கத் தள்ளுவது முதல் இரண்டு மூன்று மாதச் செலவு. நாங்கள் 18,000 ரூபாய் கட்டி மீட்ட குடும்பமும் அப்படித்தான் ஓராண்டுக்குள் வேறொரு பட்டறையின் நோட்டில் ஏறியது. ஆகவே ஒரு வாடகை வீட்டுக்கு முன்தொகை, அரிசி, பெண்ணின் பள்ளிச் செலவு, நாமக்கல்லுக்குப் பஸ் கட்டணம் ஆகியவற்றுக்கு வையுங்கள். கடன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் 30,000 ரூபாய் வரை உடனடி உதவி உண்டு. வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் என்பது முழுத் தொகை. அதைப் பெறுவது குற்ற வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருப்பதால் ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியைத்தான் உங்கள் பணம் நிரப்ப வேண்டும்.

இன்னும் ஒன்று. உங்கள் கடிதம் முழுவதிலும் தொழிலாளி என்று அந்த மனிதரைத்தான் குறிப்பிடுகிறீர்கள். மனைவி ஆறு ஆண்டும் தார் சுற்றினார் என்பது ஒரே ஓர் இடத்தில் வருகிறது. முதலாளியின் நோட்டிலும் அவர் பெயர் இருக்காது. ஜோடிக்குச் சேர்த்துக் கூலி என்று கணவர் கையில் கொடுத்திருப்பார்கள். அந்த அம்மாளின் பெயரில் தனியாக ஒரு மனு எழுதுங்கள்; அவர் சுற்றிய தாருக்கு ஷிப்டுக்கு இத்தனை என்று தனிக் கணக்கும், அவருக்கென்று தனி விடுதலைச் சான்றிதழும் கேளுங்கள். மனு எழுதும்போது உங்கள் மனைவி அருகில் இருக்கட்டும். உங்களிடம் சொல்லாத சிலவற்றை அவரிடம் சொல்லக்கூடும்.

அன்புடன்,
வழக்கறிஞர், ஈரோடு